வரைபடத்தில் எங்கள் ஷெட்

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எங்களைத் தேடிக்கொண்டு விருத்தாசலம் வந்து, மூன்று மணி நேரம் அலைந்து, எங்களைப் பார்க்காமலேயே திரும்பிப் போனார். அது எனக்குத் தெரிய வந்தது நான்கு நாள் கழித்து, அவரே போன் செய்தபோதுதான்.

"ஏனுங்க, உங்க கம்பெனி நெசமாவே இருக்குதுங்களா?" என்றுதான் ஆரம்பித்தார்.

"இருக்குதுங்க. அங்கருந்துதான் பேசறேன்."

"அப்பறம் ஏனுங்க உங்க ஊருல ஒருத்தருக்கும் தெரியல?"

எனக்குப் பின்னால் மூன்று கை பிரஸ்களில் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் செய்வது பீங்கான் மணி. கழுத்தில் போடுகிற மணி இல்லை. ஹீட்டருக்குள் சுருண்டு கிடக்கிற கம்பி வெளித்தகட்டைத் தொட்டுவிடாமல் இருக்க, கம்பியின் மேல் வரிசையாகக் கோக்கிற மணி. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். களிமண் மாவைக் கை பிரஸ்ஸின் அச்சில் போட்டு அழுத்தி, அச்சின் ஊசியால் நடுவில் ஓட்டை விழ வைத்து, காய வைத்து, சூளையில் சுட்டால் வெள்ளையாக, கல் மாதிரி வரும். விருத்தாசலத்துச் செராமிக் எஸ்டேட்டில் பெரும்பாலும் பொம்மையும் விளக்கும்தான். மணி செய்தது அப்போது நாங்கள் மட்டும்தான். வாடகை ஷெட், நானும் என் கணவரும், பிரஸ்ஸில் உட்கார ஐந்து பெண்கள்.

போனில் பேசியவர் ஹீட்டர் செய்கிறவர். ஏதோ ஒரு ரிப்பேர் கடையில் எங்கள் மணியைப் பார்த்திருக்கிறார். பிடித்துப்போய், எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறார். கடைக்காரருக்கு ஊர்ப்பெயர் மட்டும்தான் நினைவிருந்தது. வீட்டில் மகளை விட்டு கம்ப்யூட்டரில் தேடச் சொல்லியிருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, நேரிலேயே போய்ப் பார்ப்போம் என்று ரயிலேறி வந்து, ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, "பீங்கான் மணி செய்யற எடம்" என்றிருக்கிறார். ஆட்டோக்காரர் நேராகக் கோயில் பக்கம் பாசிமணி விற்கிற கடைக்குக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு வந்து, வாசலில் இருக்கிற டீக்கடையில் விசாரித்திருக்கிறார். "இங்க பொம்மதாங்க செய்யறாங்க, மணியெல்லாம் யாரும் செய்யல" என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் ஷெட் அங்கிருந்து ஒரு திருப்பம் தள்ளித்தான். நாங்கள் தினமும் இரண்டு வேளை அந்தக் கடையில்தான் டீ வாங்குகிறோம்.

ஊருக்குப் போய் மறுபடியும் அந்த ரிப்பேர் கடைக்காரரைப் பிடித்து, குப்பையில் கிடந்த எங்கள் அட்டைப்பெட்டியிலிருந்து நம்பரை எடுத்திருக்கிறார். அதற்குள் வேறு ஏற்பாடு செய்துவிட்டார்.

"ஆர்டர வடக்க குடுத்துப்போட்டனுங்க. இந்த வருசம் இனி அவிங்ககிட்டதான். மனசு கேக்கல, அதான் கூப்பிட்டுச் சொல்லலாம்னு." போனை வைக்கும் முன், "நல்ல பொருள் செஞ்சு ஒளிச்சு வச்சிருக்கறீங்க" என்றார்.

போனை வைத்ததும் நேராக டீக்கடைக்குப் போனேன். சண்டை போடுவதற்குத்தான் போனேன்.

"ஏங்க, நாங்க என்ன செய்யறோம்னு உங்களுக்குத் தெரியாதா?"

டீக்கடைக்காரர் பாய்லரிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னார்: "எனக்கு யாரு சொன்னாங்க? மேலெல்லாம் மாவ பூசிக்கினு வரீங்க, டீ குடிக்கறீங்க, போறீங்க. நானா கேக்க முடியும்?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஷெட்டுக்குத் திரும்பியபோது, பிரஸ்ஸில் இருந்த பெண் அச்சைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, அடுத்த வாரமாச்சும் முழுசா வேல இருக்குமா?" என்று கேட்டாள். அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுத்துக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே ஒருத்தி குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். ஐந்து பேர் என்று பெயர், வந்தது நாலு பேர்.

"இருக்கும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு அதை நிஜமாக்க வேண்டியதாயிற்று.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. ஊரில் பிரௌசிங் சென்டர்கள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நாலைந்து இருந்தன. பெரும்பாலும் பரீட்சை ரிசல்ட் பார்க்கவும், வேலைக்கு மனு அனுப்பவும்தான் கூட்டம். நான் போனது மாடியில் இருந்த ஒரு சின்ன சென்டருக்கு. நாலு கம்ப்யூட்டர், நாலு மரத் தடுப்பு. அதை நடத்தியவள் பெண்ணாடத்துக்காரி, என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவள். கணவர் சர்க்கரை ஆலையில் வேலை. காலையில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வருகிற பஸ்ஸில் வந்து இறங்கி, கடையைத் திறப்பாள். பகலில் இரண்டு மணி நேரம் கரண்டை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கோர்ட்டுக்கு எதிரில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்த்தவள். ஆங்கிலம் சரளமாகப் பேச வராது, ஆனால் எழுத்துக்கூட்டல் தப்பாது. அந்தக் கர்வத்தோடு எங்கள் கம்பெனி பெயரை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. ஊர்ப் பெயரையும் சேர்த்து அடித்தேன். கோயில் வந்தது. எழுத்தை மாற்றி அடித்தேன், ரயில் நேரம் வந்தது. இன்னொரு விதமாக அடித்ததும் தொகுதி நிலவரம் வந்தது. வி-க்கு அடுத்து ஆர் போட்டு ஒரு விருத்தாசலம், ஐ போட்டு ஒரு விருத்தாசலம், ஒரு டி, இரண்டு டி, டி-க்குப் பதில் டி-ஹெச். ரயில்வே போர்டில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று, எங்கள் லெட்டர்பேடில் இன்னொன்று. கம்ப்யூட்டருக்கு இவை எல்லாம் வேறு வேறு ஊர்.

கடைசியில் ஏதோ ஒரு முகவரித் தொகுப்பில் எங்களைக் கண்டுபிடித்தோம். பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து யாரோ அப்படியே அடித்துப் போட்டிருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் அந்த ஷெட்டை வைத்திருந்தவருடைய பெயருக்குக் கீழே, பொம்மை செய்கிறவர்கள் என்ற தலைப்பில், அந்தக் காலத்து ஐந்து இலக்க போன் நம்பரோடு இருந்தோம். அந்த நம்பர் செத்து வருடக்கணக்காகிவிட்டது.

"அக்கா, அதுக்கு நம்ம ஊரு தெரியாது, உங்களையும் தெரியாது" என்றாள் சென்டர்காரி. "யாராச்சும் எழுதி வச்சிருந்தா படிச்சுச் சொல்லும். நீங்க எங்கியும் எழுதி வைக்கல."

"எழுதி வச்சா வந்துடுமா?"

"தெரியலக்கா. எனக்கும் இது புதுசுதான். செஞ்சு பாப்போம்."

செஞ்சு பாப்போம் என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எல்லாம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் நான் அவரிடமே விட்டுவிட்டு வந்திருப்பேன். அவளுக்கும் தெரியாததால் இரண்டு பேருமாக உட்கார்ந்தோம்.

முதலில், ஜனங்கள் எங்கள் பொருளை என்ன சொல்லித் தேடுவார்கள் என்றே எனக்குத் தெரியாது என்பது புரிந்தது. பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். "சார், எங்க நம்பர் தொலைஞ்சிபோச்சுன்னு வச்சிக்குங்க, எப்படித் தேடுவீங்க?" என்று கேட்டேன். ஏதோ வம்புக் கேள்வி என்று நினைத்து ஒருவர் போனையே வைத்துவிட்டார். மற்றவர்கள் சொன்னார்கள். ஹீட்டர் மணி என்றார் ஒருவர். இன்சுலேட்டர் புஷ் என்றார் இன்னொருவர். ஒன்றுக்குள் ஒன்று கவிழ்ந்து உட்காருகிற எங்கள் வளைந்த மணியை மதுரைக்காரர் ஒருவர் மீன்முள் மணி என்றார். வடக்கிலும் அதைத்தான் ஆங்கிலத்தில் சொல்கிறார்களாம். பத்து வருடமாக நாங்கள் பில்லில் எழுதிக்கொண்டிருந்தது 'செராமிக் பாகங்கள்' என்று. அந்த வார்த்தையை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவரிடம் காட்டினேன். அவர் அதிகம் பேசாத மனிதர். ஃபிட்டர் வேலை பார்த்துவிட்டுச் சொந்தத் தொழிலுக்கு வந்தவர். அவரைப் பொறுத்தவரை பொருள் சரியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

"பேரு, விலாசம், போன் நம்பர், மூணும் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணுமாம்" என்றேன். "பில்லுல ஒண்ணு, பெட்டியில ஒண்ணு, லைசென்ஸுல ஒண்ணு இருக்குது. எல்லாத்தயும் மாத்தணும்."

"லெட்டர்பேடு இன்னும் ரெண்டு கட்டு கெடக்குதே."

"கெடக்கட்டும். பின்பக்கம் நம்ம பொண்ணு கணக்குப் போடட்டும்."

"மணி நல்லா இருந்தா தேடிக்கினு வருவாங்க" என்றார் அவர்.

"தேடிக்கினுதான் வந்தாரு. மூணு மணி நேரம் தேடனாரு. டீக்கடை வரைக்கும் வந்தாரு."

மறுநாள் அச்சகத்துக்கு அவரே போய்வந்தார்.

விலாசம் ஒன்றாயிற்று. ஊர்ப் பெயருக்கு ரயில்வே போர்டில் இருந்ததையே எடுத்துக்கொண்டேன். வெளியூர்க்காரர் டிக்கெட் எடுக்கும்போது பார்ப்பது அதைத்தான். சென்டர்காரி இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் எங்களுக்கு ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தாள். அதில் என்ன செய்கிறோம், எதற்கு உதவும், ஜங்ஷனிலிருந்து எப்படி வருவது என்று நானே எழுதினேன். மற்ற எழுத்துக்கூட்டல்களில் தேடுகிறவர்களும் வரட்டும் என்று, ஊர்ப் பெயர் வருகிற இடங்களில் 'இப்படியும் எழுதுவார்கள்' என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். நாற்பது தடவை ஊர்ப் பெயரை நிரப்பி வைத்தால் மேலே வரும் என்று பக்கத்துத் தடுப்பில் இருந்த ஒருவர் ஆலோசனை சொன்னார். படிக்கிற மனிதனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது கம்ப்யூட்டரில் இருந்த வரைபடம். கடைகள் தங்களைத் தாங்களே வரைபடத்தில் பதிந்துகொள்ளலாம் என்று அப்போதுதான் வந்திருந்தது. விலாசத்தை அடித்துக் கொடுத்ததும், எங்கள் கம்பெனியைக் குறிக்கிற சிவப்பு முள் மணிமுத்தாற்று மணலில் போய்க் குத்தி நின்றது.

"அக்கா, ஆத்துல இருக்கீங்க" என்று சென்டர்காரி சிரித்தாள்.

முள்ளை இழுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம். ஆனால் சரியான இடம் எது? வானத்திலிருந்து எடுத்த படம், கலங்கலாக இருந்தது. எஸ்டேட்டில் எல்லாக் கூரையும் ஒரே மாதிரி சாம்பல் நிறம். எண்ணி எண்ணிப் பார்த்தோம், ஒவ்வொரு தடவையும் வேறு கூரை வந்தது. அப்போது ஒரு கூரைக்குப் பின்னால் சுண்ணாம்பைச் சிந்தினாற்போல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் நாங்கள் கொட்டி வைத்திருந்த உடைசல் குவியல். சுடும்போது விரிசல் விட்ட மணி, கோணல் மணி, பத்து வருடத்துக் கழிவு. அதை ஒழித்துக் கட்டவில்லையே என்று நான் தினமும் என் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் எங்கள் கூரையை அடையாளம் கண்டேன். முள்ளை இழுத்து அதன் மேல் வைத்தேன்.

பதிந்தது நாங்கள்தான் என்று உறுதி செய்ய, வரைபடக் கம்பெனிக்காரர்கள் தபாலில் ஒரு அட்டை அனுப்புவார்கள். அதில் இருக்கிற எண்ணைத் திரும்ப அடித்தால்தான் பெயர் வெளியே தெரியும். மூன்று வாரம் காத்திருந்தேன். அட்டை வரவில்லை. மறுபடி கேட்டு, மறுபடி காத்திருந்தேன். அதுவும் வரவில்லை. தபால் ஆபீசுக்கே போய்விட்டேன். எங்கள் பக்கம் வருகிற தபால்காரர் சைக்கிளில் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேருல ரெண்டு வந்துச்சும்மா. நான் எஸ்டேட்டு முழுக்க சுத்தனேன். அந்தப் பேருல ஒரு போர்டும் இல்ல. திருப்பி அனுப்பிட்டேன்."

"எங்க ஷெட்டுக்கு வேற தபாலெல்லாம் குடுக்கறீங்களே?"

"அது பழய ஓனரு பேருல வருது. அத எல்லாருக்கும் தெரியும். உங்க பேரு எனக்கு எப்படித் தெரியும்? போர்டு இல்லாத கம்பெனிக்கு நான் எங்கன்னு போயி நிக்கறது?"

ஷெட்டுக்குத் திரும்பி நடந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. உலகம் பூராவும் தெரிய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் மெனக்கெட்டவள், சொந்த வாசலில் பெயர் எழுதவில்லை. அச்சடித்த தாளில் பெயரை மாற்றினேனே தவிர, கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மாலையே போர்டு எழுதுகிறவரைக் கூட்டிவந்தோம். ஷெட் முகப்பில் ஒன்று, எஸ்டேட் வாசலில் அம்புக்குறியோடு ஒன்று. டீக்கடைக்காரரிடம் ஒரு பிடி மணியைக் கொடுத்து, கண்ணாடி ஜாடியில் போட்டு பிஸ்கட் ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

"யாராச்சும் திங்கற பொருளுன்னு கேட்டுடப் போறாங்க" என்றார். ஆனால் வைத்தார்.

மூன்றாவது அட்டையைத் தபால்காரர் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, போர்டை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போனார்.

பெயர் வெளியே வந்தது. போனும் வர ஆரம்பித்தது. ஆனால் வந்ததெல்லாம் வேறு போன். வேப்பூரிலிருந்து ஒரு மகளிர் குழு, பாசிமணி மாலை கோக்கக் கலர் மணி கிடைக்குமா என்று கேட்டது. ஒருவர் கொலு பொம்மை கேட்டார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பீங்கான் கிண்ணம் கேட்டார். பொம்மை கேட்டவர்களைப் பக்கத்து ஷெட்டுக்கு அனுப்பினேன். பாசிமணி கேட்டவர்களுக்குக் கோயில் கடையைச் சொன்னேன். அடுத்த தடவை சென்டருக்குப் போனபோது 'மணி' என்று இருந்த இடமெல்லாம் 'ஹீட்டர் மணி' ஆக்கினோம். அணிகலன் என்று ஏதோ ஒரு தொகுப்பு தானாகவே போட்டிருந்த தலைப்பை மாற்றச் சொல்லி எழுதினோம். தவறான போன்கள் குறைந்தன. சரியான போன்கள் ஒன்றிரண்டாக எட்டிப் பார்த்தன. ஒசூர், சேலம், ஒரு தடவை பெங்களூர்.

வாங்கியவர்களிடம், "நேரம் கெடைக்கறப்ப வரைபடத்துல எங்க பேருக்குக் கீழ ரெண்டு வரி எழுதுங்க சார், நல்லதோ கெட்டதோ" என்று கேட்டுக்கொண்டேன். கெட்டது என்பதை ஒரு மரியாதைக்காகத்தான் சேர்த்துச் சொன்னேன். ஒருநாள் சென்டர்காரி போன் செய்து, "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றாள். குரலே சரியில்லை.

சேலத்து வாடிக்கையாளர் எழுதியிருந்தார். ஐந்தில் இரண்டு நட்சத்திரம். 'மணியில் ஓட்டை நடுவில் இல்லை. ஒரு பக்கம் சுவர் மெலிந்து, கம்பி கோக்கும்போதே உடைகிறது. முன்பு நன்றாக இருந்தது.' எங்கள் பெயரை அடித்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் அது இருந்தது.

திரையில் அந்த வரிகளைத் தொட்டுக் காட்டினேன். "இத எடுக்க முடியாதா?"

"நம்மால முடியாதுக்கா. கீழ பதில் எழுதலாம், அவ்ளோதான்."

இதற்குள் ஏதோ ஒரு விளம்பரக் கம்பெனியின் ஆள் ஒருவர் எனக்கு அடிக்கடி போன் செய்துகொண்டிருந்தார். அன்றைக்கென்று பார்த்து அவரும் கூப்பிட்டார். "மேடம், பார்த்தேன். கவலைப்படாதீங்க. பத்து நல்ல கருத்து நாங்களே வேற வேற பேர்ல எழுதிப் போட்டுடுவோம். அது கீழ போயிடும்." நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆறு மாதம் நாயாய் அலைந்து வாசலைக் கண்டுபிடிக்க வைத்தவள், அந்த வாசலில் ஒருவர் காறித் துப்பிவிட்டுப் போனதாக நினைத்தேன்.

ஷெட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னார்.

"என்ன எழுதியிருக்காரு? அப்படியே சொல்லு."

வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் சுட்ட மணி இருந்த தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பத்துப் பதினைந்து மணி பார்த்திருப்பார். மூன்றைத் தனியாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓட்டை ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தது. என் கண்ணுக்கே தெரிந்தது.

"அச்சுல ஊசி தேஞ்சி சாஞ்சிபோச்சு" என்றார். "ரெண்டாவது பிரஸ்ஸு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"ஒரு விளம்பரக் கம்பெனி ஆளு பத்து நல்லதா எழுதறேங்கறாரு" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எழுதட்டும். ஊசி நிமிர்ந்துடுமா?"

இரண்டு நாள் அந்த பிரஸ் ஓடவில்லை. லேத் பட்டறையில் பக்கத்திலேயே நின்று புது ஊசி கடைந்து வாங்கிவந்தார். கையிருப்பில் இருந்த மணியை நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். கோணலாக இருந்ததெல்லாம் பின்பக்கக் குவியலுக்குப் போயிற்று. விளம்பரக்காரருக்கு நானே போன் செய்து, வேண்டாம் என்றேன். "பெரிய தப்பு பண்றீங்க மேடம்" என்றார். "இருக்கட்டுங்க" என்றேன்.

பதிலை எழுத எனக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்தது. முதலில் எழுதியது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. இரண்டாவது, காலில் விழுகிற மாதிரி இருந்தது. இரண்டையும் கிழித்தேன். கடைசியில் நடந்ததையே எழுதினேன். நீங்கள் சொன்னது சரி. எங்கள் இரண்டாவது அச்சில் ஊசி தேய்ந்திருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. புது ஊசி போட்டுவிட்டோம். உங்களுக்கு அனுப்பியது முழுவதற்கும் பதில் சரக்கு இன்று பார்சலில் ஏற்றியிருக்கிறோம். இனி ஒவ்வொரு பெட்டியிலும், எந்த அச்சில் அடித்தது என்று ஒரு சீட்டு இருக்கும். எழுதியதற்கு நன்றி.

சேலத்துக்காரர் பார்சலை வாங்கிக்கொண்டார். நட்சத்திரத்தை மாற்றவில்லை. இரண்டு இரண்டாகவே இருந்தது. வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். சீட்டு போடுகிற வேலையே தலைக்கு மேல் இருந்தது.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள், முற்பகல் பதினொரு மணி இருக்கும், ஷெட் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினார். ஐம்பது வயது இருக்கலாம், பருத்திப் புடவை, தோளில் பை, கையில் மடித்த ஒரு தாள். பேக்கரி அடுப்பு செய்கிற ஒரு ஒசூர் கம்பெனிக்குச் சாமான் வாங்குகிற பொறுப்பில் இருப்பவர் என்று சொன்னார்.

"கண்டுபுடிக்கறது கஷ்டமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன். யார் வந்தாலும் அதைக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

"கஷ்டமென்ன? வரைபடத்த பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன். ஆட்டோக்காரர்கிட்ட நான்தான் வழி சொன்னேன்" என்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "அந்த ரெண்டாவது பிரஸ் எது?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.

"ஊசி மாத்துனதா எழுதியிருந்தீங்களே. அதைப் பார்க்கணும்."

என் கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அச்சைத் திறந்து காட்டினார். அந்த அம்மா குனிந்து பார்த்தார். மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு மணியைத் தரையில் போட்டும் பார்த்தார். பழைய ஊசி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதையும் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"எங்களுக்குச் சரக்கு போடறவங்க எல்லாருமே, எங்ககிட்ட குறையே வராதுன்னுதான் சொல்லுவாங்க" என்றார் அவர். "குறை வந்தா என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியறதே இல்ல. உங்களோடது முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. அதான் நேர்ல வந்தேன்."

அன்று அவர் மாதிரிக்கு ஒரு சின்ன ஆர்டர்தான் கொடுத்தார். அது அவருடைய அடுப்புகளில் மூன்று மாதம் கிடந்து வெந்தது. பிறகு பெரிய ஆர்டர் வந்தது. மூன்று பிரஸ்ஸும் வாரத்தில் ஆறு நாளும் ஓட ஆரம்பித்தன. ஆள் போதாமல் நல்லூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்களைச் சேர்த்தோம். அச்சு எடுக்கிற ஒவ்வொரு காலையிலும் என் கணவர் ஊசியின் மேல் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பெண்களைக் கைப்பிடியைத் தொடவிடுவார்.

எஸ்டேட்டில் மற்றவர்களும் என்னிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். பக்கத்து பொம்மை ஷெட்டுக்காரர்தான் முதல் ஆள். அவர் பெயரை அடித்தால் மூன்று விலாசம் வந்தது. "எத வச்சிக்கறது, எத எடுக்கறது?" என்று தலையைச் சொறிந்தார். அவரையும் கூட்டிக்கொண்டு சென்டருக்குப் போனேன். கரண்ட் இல்லாத நேரம். மூன்று பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். சென்டர்காரி கீரையை என் பக்கம் தள்ளினாள். நான் ஆய்ந்துகொண்டே அவரிடம் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"உங்க ஷெட்டு வாசல்ல போர்டு இருக்குதுங்களா?"

அவர், "இருந்துச்சு" என்றார்.